பன்னிரண்டாம் கட்டிலிலிருந்து ஒரு வாசகர் கடிதம்

காசநோய் வந்தவன் மருந்து சாப்பிடக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிடுகிறான். மலாயாவின் குளுவாங்கில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கிராணியாக, கணக்கெழுதும் வேலைக்குப் போயிருக்கிறேன் என்று பஃபலோ ரோடு முழுக்க நம்பிக்கொண்டிருந்த காலத்தில், நான் சிங்கப்பூரிலேயே, வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், பன்னிரண்டாம் நம்பர் கட்டிலில் கிடந்தேன். நடந்து பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. போன மாதம் எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டு அம்மா, தன் கணவருக்கும் அதே நோய் என்று சொல்லி, உள்ளே எப்படியிருக்கும் என்று கேட்டார். பயப்பட ஒன்றுமில்லை, இப்போது மருந்துகள் நன்றாக வந்துவிட்டன என்று சொல்லி அனுப்பினேன். அது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணிக் குறிக்கிற கிராணி. அப்பா, அம்மா இல்லை. அப்பாவின் தங்கையான அத்தையும், என் தங்கை சரஸ்வதியும், நானும் பஃபலோ ரோட்டில் ஒரு மாடியில் இரண்டு அறை எடுத்துக் குடியிருந்தோம். மூன்று மாதமாக இருமல். மூட்டைத் தூசி என்று நான் சொன்னேன். சிகரெட் என்று அத்தை சொன்னார். சரசு மட்டும் ஒன்றும் சொல்லாமல் என் தலையணை உறையை அடிக்கடி மாற்றினாள். ஒருநாள் காலையில் கிடங்குக் குழாயடியில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் சிவந்து ஓடியது. பக்கத்தில் நின்ற சீனக் கிராணி அதைப் பார்த்துவிட்டு, தன் குவளையை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். அவன்தான் என் நோயை முதலில் கண்டுபிடித்தவன்.

எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் நாற்பது பேர் காத்திருந்தோம். எல்லாரும் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவனுக்குத்தான் நோய் என்று எல்லாருக்கும் நினைப்பு. சட்டையைக் கழற்றிவிட்டு, சில்லென்றிருந்த தகட்டில் நெஞ்சை அழுத்தி மூச்சைப் பிடித்து நிற்கச் சொன்னார்கள். பிறகு மூன்று நாள் காலையில் சளியைச் சிறு டப்பியில் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதில் கிருமி தென்பட்டால் நோய் மற்றவர்களுக்கும் ஒட்டக்கூடிய நிலையில் இருக்கிறது என்று பொருள். எனக்கு மூன்று டப்பியிலும் தென்பட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வலது நுரையீரலின் மேல்பக்கம் பஞ்சு மாதிரி ஒரு நிழலைக் காட்டினார். எட்டு மாதம் படுக்க வேண்டும் என்றார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது என் உயிர் இல்லை, சரசுவின் கல்யாணம்.

அந்த மாதம்தான் சரசுவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை மின்சார இலாகாவில் எழுத்தர். வாய் திறந்து இரண்டு வார்த்தை பேசாத நல்ல பையன். அவனுக்கும் சேர்த்துப் பேச அவனுடைய தாய்மாமன் பக்கிரிசாமி இருந்தார். கோயில் கமிட்டியில் இருபது வருஷமாக இருப்பவர், சிராங்கூன் ரோட்டில் எந்தத் திருவிழா நோட்டீசை எடுத்தாலும் அடியில் அவர் பெயர் இருக்கும். தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. சயரோகம் இருக்கிற வீடு என்று தெரிந்தால் அந்தக் காலத்தில் வாசற்படியே மிதிக்க மாட்டார்கள். "குளுவாங்குக்கு வேலை மாத்திட்டாங்கன்னு சொல்லிடலாம்" என்று அத்தைதான் வழி சொன்னார். நான் இரவு ரயிலுக்குப் போகிறவன் மாதிரி பெட்டியோடு இறங்கி, தெருக்கோடி வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வார்டில் இருபத்துநான்கு கட்டில். தமிழர்கள் நாங்கள் ஐந்தாறு பேர். என் வலதுபக்கம் செல்லத்துரை மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இடதுபக்கம் மாரிமுத்து, புக்கிட் பாத்தோக்கில் கல் உடைத்தவன். கல் தூசியும் கிருமியும் சேர்ந்து அவன் நெஞ்சைத் தின்றிருந்தன. படிக்கத் தெரியாது. நாங்கள் மூவரும் வெளியில் சந்தித்திருந்தால் ஒரு தேநீர்க் கடையில்கூட ஒன்றாக உட்கார்ந்திருக்க மாட்டோம்.

வைத்தியம் இதுதான். தினமும் காலையில் இடுப்பில் ஒரு ஊசி. கிருமியைக் கொல்லும், கூடவே காதுக்குள் வண்டு ரீங்காரம் போடும், எழுந்து நின்றால் தரை சாயும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பொடி. அதன் கசப்பு மறுவேளைச் சாப்பாடு வரை நாக்கில் இருக்கும். எனக்கு இது போதாதென்று காற்று வைத்தியமும் செய்தார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியை ஏற்றி, நுரையீரலுக்கு வெளியே காற்றைச் செலுத்துவார்கள். காற்று நெருக்கும்போது நுரையீரல் சுருங்கி அசையாமல் கிடக்கும், அசையாமல் கிடந்தால் புண் ஆறும். காற்று தானாகக் குறைந்துவிடும் என்பதால் அடிக்கடி நிரப்ப வேண்டும். பேசுவதைக் குறை, வேகமாக நடக்காதே, முக்கியமாகச் சிரிக்காதே என்பது உத்தரவு. அந்த வார்டில் சிரிப்பு வர என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். சரசுதான் அதையும் கொண்டுவந்தாள்.

புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பார்வை நேரம். இரண்டு நாளும் சரசு வந்தாள். தையல் வகுப்புக்குப் போவதாகத் தெருவில் சொல்லிவிட்டு, துணிப்பைக்குள் தூக்குச்சட்டியை மறைத்துக்கொண்டு, வெயிலில் இரண்டு பஸ் மாறி வருவாள். நாட்டுக்கோழிச் சாறு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை. நான் சாப்பிட்ட பாத்திரத்தை ஆஸ்பத்திரிக் கொதிநீரில் அலசித் துடைத்துப் பழையபடி பைக்குள் வைப்பாள். நோய் ஒட்டும் என்று மிஸ்ஸி அவளைத் தாழ்வாரத்து நாற்காலியோடு நிறுத்திவிடுவாள். நர்ஸை அங்கே மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். ஒருமுறை பக்கிரிசாமி வீட்டுப் பெண்கள், இத்தனை நாளாக வகுப்புக்குப் போகிறாயே, ஒரு ரவிக்கை தைத்துக் காட்டு என்று கேட்டுவிட்டார்கள். தேக்காச் சந்தையில் ஒரு தையல்காரரிடம் தைத்து வாங்கி, இரண்டு இடத்தில் தையலைப் பிரித்துக் கோணலாக்கிக் கொண்டுபோய்க் காட்டினாளாம். "ரொம்ப நல்லா இருந்தா சந்தேகப்படுவாங்கல்ல" என்றாள்.

அந்தத் துணிப்பையில் ஞாயிறுதோறும் ஒரு வாரப் பத்திரிகையும் இருக்கும். அதன் பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. அதில்தான் 'முந்தி வந்த இரங்கல்' என்ற தொடர்கதை வந்துகொண்டிருந்தது.

கொலைக் கதை. ஊர் பெயர் சொல்லாத ஓர் ஊர். விடியற்காலை நான்கு மணிக்குக் கோயில் அலுவலகத்தில் அறங்காவலர் தாண்டவராயர் குத்துப்பட்டுச் செத்துக்கிடக்கிறார். ஐந்து மணிக்குக் கடைக்கு வரும் நாளிதழில் அவருக்குக் கறுப்புக் கட்டம் போட்டு மூன்று கட்சிகளின் இரங்கல் செய்தி வந்திருக்கிறது. பத்திரிகை அச்சானது நள்ளிரவில். செத்தவர் சாவதற்கு நான்கு மணி நேரம் முன்னால் இரங்கல் எப்படி அச்சாயிற்று என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். 'செய்திகளை முந்தித் தருவது எங்கள் கொள்கை' என்கிறார் நாளிதழின் ஆசிரியர்.

நான் அதுவரை அப்படி ஒன்று படித்ததில்லை. மூன்று கட்சிக்காரர்களும் பாடையில் முன்பக்கம் யார் தோள் கொடுப்பது என்று அடித்துக்கொண்டு தெருவில் உருளுகிறார்கள், பிணம் கோயில் வாசலிலேயே கிடக்கிறது, ஊர்வலம் வெறும் பாடையோடு சுடுகாட்டுக்குப் போய்ச் சேருகிறது. மௌன விரதச் சாமியார் ஒருவர் எல்லாவற்றுக்கும் சிலேட்டில் எழுதித்தான் பதில் சொல்வார். யாராவது நன்கொடையைக் குறைத்துச் சொல்லிவிட்டால் மட்டும் வாய் திறந்து திருத்துவார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு தடயமாகக் கண்டுபிடிக்கும்போதும் அவருக்கு மாற்றல் உத்தரவு வரும். பதினைந்தாம் அத்தியாயத்துக்குள் அவரை ஏழு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவர் லீவு போட்டு ரயிலேறி வந்து விசாரிக்கிறார்.

ஞாயிறு மாலையில் நான் மெதுவான குரலில் படிப்பேன். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மாரிமுத்து கட்டிலின் ஓரத்துக்கே வந்துவிடுவான். "அண்ணே, அந்தச் சாமியார் சிலேட்டுல என்ன எழுதினாரு, இன்னொரு தரம் படிங்கண்ணே" என்பான். படித்தால் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்குவான். குலுங்கினால் இருமல், இருமினால் மிஸ்ஸி. "ஜாங்கான் கெத்தாவா" என்று மலாயில் அதட்டுவாள், சிரிக்காதே என்று. ஒருமுறை பத்திரிகையையே பிடுங்கிக்கொண்டுபோய் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் மாரிமுத்து அவளிடம் தன் முட்டையைக் கொடுத்துப் பத்திரிகையை மீட்டுவந்தான்.

அது தேர்தல் வந்த வருஷம். ஒரு வேட்பாளர் ஆரஞ்சுப் பழக்கூடையோடு வார்டு வாசல் வரை வந்து, மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, கைக்குட்டையை எடுத்துவிட்டுப் போட்டோவுக்கு நின்று, மறுபடி மூடிக்கொண்டு போனார். கூடை வாசலில் இருந்தது. கூடையைத் தூக்கி வந்தவன் அதைத் திரும்ப எடுத்துப்போனான், அடுத்த வார்டிலும் போட்டோ எடுக்க வேண்டுமாம். கதையை எழுதியவர் எங்கள் ஜன்னலில் உட்கார்ந்து எழுதுகிறாரோ என்று தோன்றியது. நோய் வந்ததிலிருந்து உலகம் என்னைத் தள்ளிவைத்துவிட்டது என்று குமைந்துகொண்டிருந்தவனுக்கு, தள்ளிவைத்த உலகத்தின் லட்சணம் இதுதான் என்று ஒருவர் வாராவாரம் எழுதி அனுப்பினார். எனக்கு அவர் மேல் காதல் மாதிரி ஒன்று வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

ஆகவே கடிதம் எழுதினேன்.

வாசகர் கடிதம் எழுதியவர்களுக்குத் தெரியும், அது ஒரு போதை. பத்திரிகை விதி ஒன்று இருந்தது, முழுப் பெயரும் முகவரியும் இல்லாத கடிதம் குப்பைக்கூடைக்குப் போகும். ஆனால் அச்சில் பாதிப் பேர் புனைபெயரில்தான் வந்தார்கள். அடியில் 'பெயர் வெளியிட வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நான் பேனாவை வைத்துக்கொண்டு அந்த வரியைப் பற்றி ஒரு பகல் முழுவதும் யோசித்தேன். பெயர் வராவிட்டால் கடிதம் வந்து என்ன பிரயோசனம்? அப்புறம் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாமியாரையும் அறங்காவலரையும் கிழிக்கிற இந்தப் பத்திரிகையைப் பக்கிரிசாமி மாதிரிப் பக்திமான் கையால்கூடத் தொட மாட்டார். திட்டுவதற்காகவே படிப்பவன் ஒரு எழுத்து விடாமல் படிப்பான் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

நாலு பக்கம் எழுதினேன். வெறும் பாராட்டைப் போட மாட்டார்கள் என்று தெரியும், அதனால் நோயையும் சேர்த்தேன். நெஞ்சில் காற்று நிரப்பிக்கொண்டு சிரிப்பதைப் பற்றி உருக்கமாக ஒரு பத்தி. பிறகு வழக்கமாக எல்லாரும் எழுதுகிற மாதிரி, 'தாண்டவராயரைப் படிக்கும்போது சிங்கையில் நாமெல்லாரும் அறிந்த ஒரு பெரிய மனிதரின் முகம் கண்முன் வருகிறது, யார் என்று சொல்லவும் வேண்டுமோ' என்று ஒரு வரி. எந்த முகமும் என் கண்முன் வரவில்லை. அப்படி எழுதினால் விவரம் தெரிந்தவன் என்று நினைப்பார்கள். மாஸ்டரும் ஒரு கடிதம் எழுதினார். இரண்டையும் ஒரே உறையில் போட்டு ஆஸ்பத்திரித் தபாலில் அனுப்பினோம்.

மூன்றாவது ஞாயிறு சரசு பையை நீட்டினாள். பத்திரிகையைப் பிரித்தேன். என் கடிதம் கட்டம் போட்டு வந்திருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'மரணத்தின் வாசலிலிருந்து'. அடியில் மு. வைத்தியலிங்கம், 12ஆம் கட்டில் என்று தொடங்கி ஆஸ்பத்திரியின் முழு முகவரி. காசநோய் என்ற சொல் மூன்று இடத்தில். எனக்குக் கண்ணில் பட்டது என் பெயர் மட்டும்தான்.

"பாரு, சரசு. யார் கடிதம் பாரு" என்று கொடுத்தேன்.

அவள் நின்றபடியே படித்தாள். படித்து முடித்த பிறகும் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தங்கை பூரித்துப்போயிருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அந்த அளவுக்கு எனக்குத் தலை கனத்திருந்தது.

"ஆஸ்பத்திரி பேரெல்லாம் போட்டிருக்காங்கண்ணே" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காற்று நிரப்பிய பக்கம் மட்டுமில்லாமல் மறுபக்கமும் சுருங்கிப்போன மாதிரி மூச்சு முட்டியது. "மாப்பிள்ளை வீட்டுல இந்தப் பத்திரிகை எல்லாம் படிக்க மாட்டாங்க" என்றேன். சரசு சட்டியைக் கழுவப் போனாள்.

அவள் போன பிறகு மாஸ்டர் பத்திரிகையை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். "உம்மட கடிதம் வந்திட்டுது. என்ரயைக் காணேல்லை" என்றார். "நான் உம்மைவிட இலக்கணமாய்த்தானே எழுதினனான், தம்பி?" அன்று அவர் கதை கேட்கவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, பார்வை நேரம் தொடங்கியதும் வாசலில் பக்கிரிசாமி. மல் வேட்டி, வெள்ளிப் பூண் போட்ட குடை, காதில் சிவப்புக் கடுக்கன். கைக்குட்டையை மூக்கருகே பிடித்திருந்தார். அக்குளில் அந்தப் பத்திரிகையைச் சுருட்டி வைத்திருந்தார். மிஸ்ஸி காட்டிய நாற்காலியில் உட்காராமல் என் கட்டிலுக்கு நான்கடி தள்ளி நின்றார்.

"குளுவாங்ல வெயில் எப்படிங்க தம்பி?" என்றார்.

"மன்னிச்சுக்குங்க, மாமா. முன்னாடியே சொல்லியிருக்கணும். தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லைங்க. அவளுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாச்சு."

"அத விடுங்க. ஒடம்புக்கு வர்றது யார் கையில இருக்கு. எனக்கு வேற ஒண்ணு தெரியணும்." பத்திரிகையைப் பிரித்து நீட்டினார். சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தது. "நாமெல்லாரும் அறிந்த ஒரு பெரிய மனிதர்னு எழுதியிருக்கீங்களே. அது யாரு?"

"சும்மா எழுதினதுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"தாண்டவராயனுக்குக் காதுல செவப்புக் கடுக்கன்னு அஞ்சாவது வாரத்துல எழுதியிருக்கான். ஒம்பதாவது வாரத்துல வெள்ளிப் பூண் போட்ட குடை. முதல் வாரத்துலேர்ந்து எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கேன்."

"மாமா, கடுக்கன் போட்டவங்க சிராங்கூன் ரோட்டுலயே அம்பது பேரு இருப்பாங்க."

"கமிட்டியில நான் ஒருத்தன்தான்."

என் அறிவுக்கு எட்டியவரை சொல்கிறேன், அந்த நேரம் வரை கல்யாணம் கையை விட்டுப் போகவில்லை. அவர் நோயை மன்னிக்கத் தயாராகத்தான் வந்திருந்தார். நீங்கள் இல்லை, வேறு யாரோ என்று ஒரு பெயரைச் சொல்லியிருந்தால், எந்தப் பெயராக இருந்தாலும், அவருக்கு ஆகாத ஒரு கமிட்டிக்காரரின் பெயராக இருந்திருந்தால் இன்னும் நல்லது, அவர் குடையை விரித்துக்கொண்டு சந்தோஷமாகப் போயிருப்பார். எனக்குப் பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. எதையாவது சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து இடதுபக்கக் கட்டிலில் மாரிமுத்து தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தான். வந்தவரை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணே" என்றான், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு வார்டு முழுக்கக் கேட்கும் குரலில். "தாண்டவராயரு செத்துட்டாருன்னு படிச்சீங்களே?"

நான் சிரித்துவிட்டேன்.

அடக்கப் பார்த்தேன். உதட்டைக் கடித்தேன். அடக்க அடக்க அது விலாவைப் பிளந்துகொண்டு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கண்ணில் நீர் வழிய, துப்பும் டப்பியைத் தேடிக் கை அலைந்தது. மிஸ்ஸி ஓடிவந்து என் முதுகைப் பிடித்தாள். பக்கிரிசாமி நான் முடிக்கும்வரை நின்றார். பிறகு பத்திரிகையை நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டு போனார்.

மறுநாள் அத்தைக்குச் சொல்லியனுப்பினார்கள். சயரோகக் குடும்பத்தில் பெண் எடுக்க மனம் ஒப்பவில்லை, தப்பாக நினைக்க வேண்டாம் என்று. கடுக்கனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நோய்தான் காரணம் என்று ஊரும் நம்பியது, அது ஊருக்குச் சுலபமாகப் புரிகிற காரணம். பஃபலோ ரோட்டில் கீழ்வீட்டுக்காரி, அத்தை கொடுத்திருந்த கிண்ணத்தைக் கையில் கொடுக்காமல் தெருவிலேயே வைத்துவிட்டுப் போனாளாம். பொதுக் குழாயில் எங்கள் முறை கடைசிக்குப் போயிற்று. தையல் வகுப்புப் பொய் வெளிவந்து, அந்தப் பெண் இத்தனை நாளாக எங்கே போய்வந்தாளோ என்று வேறு பேசினார்கள். எட்டு மாதம் கட்டிலில் கிடந்தவன் நான். அடி வாங்கியவர்கள் அத்தையும் சரசுவும்.

சரசு வருவதை நிறுத்தவில்லை. புதனும் வந்தாள், ஞாயிறும் வந்தாள், இப்போது பையால் மறைக்காமல் தூக்குச்சட்டியைக் கையில் வீசிக்கொண்டே வந்தாள். பத்திரிகையையும் கொண்டுவந்தாள். இனி வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கொலைகாரன் யார் என்று தெரிய இன்னும் ஆறு வாரம் இருந்தது.

கதையில் கொலை செய்தவர் அந்த நாளிதழ் ஆசிரியர்தான். இரங்கல் விளம்பரத்துக்குப் பணம் வாங்கி அச்சும் கோத்தாகிவிட்டது, ஆள் சாக வேண்டியதுதான் பாக்கி. அவரைத் தூக்கில் போடவில்லை, மேல்சபைக்கு அனுப்பினார்கள். அந்த அத்தியாயத்தை நான் படித்தபோது மாரிமுத்து இல்லை. நோய் குணமாகிவிட்டது, தூசி குணமாகாது என்று சொல்லி அவனை அனுப்பியிருந்தார்கள். அவன் திரும்பவும் கல் உடைக்கத்தான் போனான், வேறு எங்கே போவான்? மாஸ்டர் மட்டும் கேட்டுவிட்டு, "நல்ல முடிவு, எண்டாலும் இலக்கணப் பிழை கூட" என்றார்.

சளி டப்பி மூன்றும் சுத்தமாக வந்த மாதம் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் பஞ்சு இருந்த இடத்தில் ஒரு சிறு தழும்பு இருந்தது. கிடங்கில் என் மேசையை ஜன்னலோரம் தனியாகப் போட்டிருந்தார்கள். காற்றோட்டத்துக்காக என்றார் கிடங்கின் வெள்ளைக்காரத் துரை.

சில மாதம் கழித்துத் தொடர்கதை புத்தகமாக வந்தது. தேக்காவில் ஒரு புத்தகக் கடை வாசலில் அதைப் பார்த்து எடுத்தேன். முதல் பக்கத்திலேயே, 'இந்நாவலைப் படித்துக்கொண்டே கண்மூடிய அன்பர் அமரர் மு. வைத்தியலிங்கத்துக்கு' என்று அச்சிட்டிருந்தது. நின்றுகொண்டே இரண்டு முறை படித்தேன். நேரே பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். ஆசிரியர் மாடிப்படியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னேன். ஒரு நொடி திகைத்தவர், பிறகு என் கையைப் பிடிக்க வந்து, பாதியில் தன் கையை இழுத்துக்கொண்டு கும்பிட்டார்.

"அதுக்கப்புறம் கடுதாசியே வரலீங்களா, நாங்க அப்படின்னு நெனச்சிட்டோம். அடுத்த பதிப்புல திருத்திடுவோம். ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, அந்தக் கடுதாசி வந்த வாரம் இதழ் ஒண்ணு மிச்சமில்ல. படிச்சிட்டு அழாதவங்க இல்ல" என்றார். ஒரு பிரதியைத் தாளில் சுற்றி இனாமாகக் கொடுத்தார். அடுத்த பதிப்பு வரவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் புத்தகத்தை அங்கேயே வீசியெறிந்திருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு படித்தேன். பாடை வெறுமையாகப் போகிற இடத்தில் மறுபடியும் சிரித்தேன். நல்ல நாவல்தான். அதுதான் எனக்கு ஆறவில்லை, அது மோசமான நாவலாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சரசு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான்கு வருஷம் கழித்து ஜொகூரில் ஒருவருக்கு, இரண்டாந்தாரமாகத்தான், அவள் வாழ்க்கைப்பட்டாள். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. நான் சிரிப்பதைக் கேட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அப்படி என்னண்ணே இருக்கு அதுல?" என்று புத்தகத்தை வாங்கினாள். அமரர் என்று போட்டிருந்த பக்கத்தைப் புரட்டிவிட்டுப் பின்னட்டைக்குப் போனாள். அங்கே என் கடிதத்திலிருந்து ஒரு வரியை எடுத்துப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை அவள் ஏற்கெனவே படித்தவள். இருந்தாலும் சத்தமாக, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"'எனக்கென்று வருவார் யாருமற்ற இந்த மருத்துவமனையில், வாரம் தவறாமல் என்னைத் தேடி வரும் இத்தொடர் ஒன்றே எனக்குத் துணை.'"

அந்த வரி இல்லாவிட்டால் கடிதத்தைப் போட்டிருக்க மாட்டார்கள் என்று நான் ஆரம்பித்தேன். சும்மா எழுதினது, எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன்.

"கல்யாணம் நின்னதுக்கு நான் அழலண்ணே" என்றாள் சரசு. "இதைப் படிச்சிட்டு அன்னிக்கி பஸ்ஸு முழுக்க அழுதுகிட்டே வந்தேன். வாரம் தவறாம அது தானா நடந்து வந்துச்சா?"

புத்தகத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுக் கீரைக்குப் போனாள். பிறகு எந்தக் காலத்திலும் அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நான்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.